முத்திரையும் தவணையும்: கணிப்பொறி அமைப்பின் உள்ளீடுகளைப் பேணுதல்

கடைகளில் புழங்கும் எடைக்கற்களில் அரசாங்க முத்திரை பொறிக்கப்பட்டிருப்பதை நாம் யாவரும் அறிவோம். 1956ஆம் ஆண்டில் எடை, அளவு நிர்ணயச் சட்டம் இயற்றப்பட்டு, நம் நாட்டில் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அக்காலத்திலிருந்து கடைக்கல்லின் முத்திரை இரண்டு செய்திகளை நமக்குத் தெரிவித்து வருகிறது. இக்கல் அங்கீகாரம் பெற்ற அளவோடு ஒப்பிடப்பட்டது என்பது முதற் செய்தி. இன்ன தவணை வரையில்தான் இம்முத்திரை செல்லும், அதன்பின் மீண்டும் சரிபார்க்க வேண்டும் என்பது இரண்டாம் செய்தி. முத்திரையில்லாத கல்லை நம்புவது பேதைமை. தவணை கடந்த முத்திரையை நம்புவதும் அதனினும் குறைந்த பேதைமையன்று.

கணிப்பொறிகளை அமைத்துப் பராமரிக்கும் பொறுப்பு இந்நாளில் கள ஊழியர்களிடமும் ஆசிரியர்களிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. மண் பரிசோதனைக் குறிப்புகளைத் தொகுக்கவும், மழையளவுகளை அட்டவணைப்படுத்தவும், மாணவர்க்குச் செய்முறை கற்பிக்கவும் இவ்வியந்திரங்கள் பயன்படுகின்றன. எடைக்கல்லுக்கு வேண்டப்படும் முத்திரையும் தவணையும் இவ்வியந்திரங்களில் இயங்கும் மென்பொருளுக்கும் வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் கருத்து. லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த நிக்ஸ்ஓஎஸ் என்னும் அமைப்பை உதாரணமாகக் கொண்டு இதனை விளக்குவேன்.

பிரகடன முறை என்பது யாது?

சாதாரணமாக ஒரு கணிப்பொறியில் தேவையான மென்பொருள்களை ஒவ்வொன்றாக நிறுவுகிறோம். இன்று ஒன்று, அடுத்த மாதம் மற்றொன்று, ஏதோ ஒரு கோளாற்றைத் தீர்க்க வேறொரு சிறு மாற்றம் என்று பலவும் சேர்ந்து ஓர் இயந்திரம் உருவாகிறது. ஈராண்டு கழித்து, இவ்வியந்திரம் எவ்வாறு இந்நிலையை அடைந்தது என்று வினவினால் அதற்கு விடை கூற வல்லார் எவருமிலர். இயந்திரம் பழுதுபட்டால் அதனைப் போன்ற மற்றொன்றை அமைப்பதும் இயலாத காரியமாகிறது.

இதற்கு மாறானது பிரகடன முறை. இயந்திரத்தில் என்னென்ன இருத்தல் வேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதிவிடுகிறோம். அதைப் படித்து அமைப்பே தன்னைக் கட்டிக்கொள்கிறது. நெதர்லாந்து நாட்டின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா என்பவர் 2003ஆம் ஆண்டில் தொடங்கிய நிக்ஸ் என்னும் ஆராய்ச்சியே இதற்கு அடிப்படை. அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு 2006இல் வெளிவந்தது. அதன்மேல் எழுந்த நிக்ஸ்ஓஎஸ் அமைப்பின் முதல் நிலைப்பதிப்பு, 13.10 என்னும் எண்ணுடன் 2013 அக்டோபரில் வெளியிடப்பெற்றது. இப்பொழுது ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திற்கும் நவம்பர் மாதத்திற்கும் உரிய எண்களோடு நிலைப்பதிப்புகள் வருகின்றன.

இவ்வமைப்பில் ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனி அறையில் வைக்கப்படுகிறது. அவ்வறையின் பெயர் 32 எழுத்துகள் கொண்ட ஒரு குறியீட்டோடு தொடங்கும். மூல நிரல், அதைக் கட்டப் பயன்பட்ட கருவிகள், அது சார்ந்து நிற்கும் பிற மென்பொருள்கள் ஆகிய அனைத்தையும் கணக்கிற்கொண்டு அக்குறியீடு பெறப்படுகிறது. சார்புகளுள் ஒன்று மாறினாலும் குறியீடு மாறும். புதிய அறையொன்று உண்டாகும். பழைய அறை அழிக்கப்படும் வரை அப்படியே இருக்கும். ஆதலின், புதிய ஏற்பாடு சரிப்படாவிடில் பழைய ஏற்பாட்டுக்குத் திரும்புதல் எளிது.

பட்டியல் மட்டும் போதுமா?

பிரகடனக் கோப்பு இருந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். இது பிழையான எண்ணம். கோப்பில் பைத்தான் மொழியும், தரவுத்தளமும், தமிழ் எழுத்துருக்களும் வேண்டும் என்று எழுதுகிறோம். அவை எந்தப் பதிப்பினவாக இருத்தல் வேண்டும் என்று பெரும்பாலும் எழுதுவதில்லை. அதைத் தீர்மானிப்பது நிக்ஸ்பேக்கேஜஸ் என்னும் பொதுத் தொகுப்பு. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மென்பொருள்களைக் கட்டும் முறைகள் அதில் அடங்கியுள்ளன. நாள்தோறும் அது மாறிக்கொண்டே வருகிறது. எனவே, நம்முடைய கோப்பு மாறாதிருந்தும், அது எந்நாளைய தொகுப்போடு சேர்கிறதோ அந்நாளைப் பொறுத்து இயந்திரம் வேறுபடும். இவ்வாறு வெளியிலிருந்து நம் அமைப்பினுள் வரும் தொகுப்புகளையே உள்ளீடுகள் என்கிறோம்.

பழைய ஏற்பாட்டில் இத்தொகுப்பு, சானல் என்னும் வழியாக இயந்திரத்திற்கு வந்தது. எந்தச் சானல், எந்நாள் புதுப்பிக்கப்பட்டது என்ற விவரம் இயந்திரத்தில் மட்டுமே இருக்கும். பிரகடனக் கோப்பில் இராது. ஒரே கோப்பை வைத்துக்கொண்டு சித்திரையில் ஒருவரும் ஆவணியில் மற்றொருவரும் இயந்திரம் அமைத்தால் இரண்டும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இக்குறையைப் போக்க, 2021 நவம்பரில் வெளிவந்த நிக்ஸ் 2.4 பதிப்பில் ஃப்ளேக் என்னும் ஏற்பாடு சோதனை நிலையில் சேர்க்கப்பட்டது. இதில் இரண்டு கோப்புகள் உண்டு. ஃப்ளேக்.நிக்ஸ் என்னும் கோப்பில் நமக்கு வேண்டிய உள்ளீடுகளின் பெயர்களையும் முகவரிகளையும் நாம் எழுதுகிறோம். ஃப்ளேக்.லாக் என்னும் பூட்டுக் கோப்பை அமைப்பே எழுதிக்கொள்கிறது. கிட் களஞ்சியத்திலிருந்து வரும் ஒவ்வோர் உள்ளீட்டிற்கும் 40 இலக்கப் பதிவு எண், உள்ளடக்கத்தின் ஷா-256 குறியீடு, கடைசியாக மாறிய காலம் ஆகியவை அதில் பதிவாகின்றன. உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் குறியீடு பொருந்தாது. பொருந்தாததை அமைப்பு ஏற்காது. முன் கூறிய எடைக்கல்லின் முத்திரை போன்றது இது.

ஃப்ளேக் ஏற்பாட்டை விரும்பாதவர்களும் உளர். அன்னோர் நிவ், என்பின்ஸ் போன்ற கருவிகளைக் கொண்டு இதே காரியத்தைச் செய்யலாம். எக்கருவி என்பது பெரிதன்று. உள்ளீடுகளின் பதிவு எழுத்தில் இருத்தலே முக்கியம்.

நான் கண்ட ஒரு பிழை

சில ஆண்டுகளுக்கு முன் கள ஊழியர்க்கான ஒரு பயிற்சி நூலைத் தமிழாக்கும் பணியில் நான் ஈடுபட்டிருந்தேன். நூலின் பக்கங்கள் ஓர் இயந்திரத்தில் அமைக்கப்பட்டன. கலைச்சொல் அடைவைத் தயாரிக்கும் வேலையை விரைவில் முடிக்கும்பொருட்டு, அதே பிரகடனக் கோப்பைப் பிரதி செய்து இரண்டாவது இயந்திரம் ஒன்றை அமைத்தோம். பிரதி செய்தவன் நானே. பூட்டுக் கோப்பு இயந்திரம் தானாக எழுதியது, ஆகவே தேவையற்றது என்று கருதி அதனை விட்டுவிட்டேன்.

இரண்டாவது இயந்திரம் எவ்விதப் பிழையும் காட்டவில்லை. பூட்டுக் கோப்பு இல்லாமற்போனால் அமைப்பு முறையிடுவதில்லை. அந்நாளில் கிடைக்கும் புதிய உள்ளீடுகளை எடுத்துக்கொண்டு புதிய பூட்டுக் கோப்பு ஒன்றைத் தானே எழுதிவிடுகிறது. அச்சுக்கோக்கும் மென்பொருளும் எழுத்துருவும் அதில் வேறு பதிப்புகளாக இருந்தன. வரிகள் முறியும் இடங்கள் சிறிது மாறின. நூலின் நடுப்பகுதிக்குப் பிறகு அடைவு காட்டிய பக்க எண்கள் ஒன்றும் இரண்டுமாக வழுவின. பிரதிகள் விநியோகமான பின்னரே, உரம் கலக்கும் அளவைத் தேடிய ஓர் ஆசிரியர் வேறு பக்கத்தைக் கண்டு எங்களுக்கு எழுதினார். திருத்தப் பட்டியலை அச்சிட்டு அனுப்ப நேர்ந்தது.

சேதம் சிறியதே. ஆயினும் அவ்விடத்தில் ஒரு புள்ளிவிவரக் கணக்கோ, மருந்தளவைக் கணிக்கும் நிரலோ இருந்திருக்குமாயின் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பரிசோதனையின் முடிவை எழுதும்பொழுது கருவியின் பெயரையும் அளவீட்டு முறையையும் எழுதுமாறு மாணவர்க்குக் கற்பிக்கிறோம். கணக்கிட்ட மென்பொருளின் அடையாளத்தை மட்டும் எழுதாமல் விடுவது எவ்விதத்தில் நியாயமாகும்?

தவணை கடந்த பூட்டு

இதுகாறும் கூறியதைக் கேட்டுப் பூட்டுவதே தர்மம் என்று கொண்டு, ஒருமுறை பூட்டியதைப் பின்னர் தொடாதிருப்போரும் உண்டு. ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் வாதம். இது ஏற்கத்தக்கதன்று.

2014 ஏப்ரல் 7ஆம் நாள் ஹார்ட்பிளீட் என்னும் குறைபாடு வெளிப்படுத்தப்பட்டது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையீட்டு மென்பொருளில் 2012ஆம் ஆண்டு முதல் அக்குறைபாடு இருந்துவந்தது. அதன் வழியாகக் கணிப்பொறியின் நினைவகத்திலுள்ள இரகசியங்களை அயலார் படிக்கக்கூடும். திருத்திய பதிப்பு அன்றே வெளிவந்தது. ஆயினும் பழைய பதிப்பில் பூட்டப்பட்டிருக்கும் இயந்திரத்திற்கு அத்திருத்தம் தானாக வந்து சேராது. நல்லதைக் காப்பது போலவே கெட்டதையும் பூட்டு காத்துக்கொண்டிருக்கும்.

நிக்ஸ்ஓஎஸ் நிலைப்பதிப்பு ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஏழு மாதங்களே ஆதரவு பெறுகிறது. அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் அக்கிளைக்கு வருவதில்லை. ஈராண்டுகளுக்கு முந்திய கிளையில் பூட்டிவிட்டு, எங்கள் அமைப்பு உறுதியானது என்று பெருமை பேசுவது, தவணை கடந்த முத்திரையைக் காட்டி வியாபாரம் செய்வதற்கு ஒப்பாகும்.

நாள்தோறும் திறக்கும் பூட்டு

இதற்கு நேர் எதிரான வேறொரு சாராரும் உளர். அவர்கள் நாள்தோறும் எல்லா உள்ளீடுகளையும் புதுப்பிப்பதே பாதுகாப்பு என்பர். 2024ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று இவர்களுக்கு எச்சரிக்கையாகும். எக்ஸ்இசட் என்னும் சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய இரு பதிப்புகளில் திட்டமிட்டு ஒரு கள்ளவழி புகுத்தப்பட்டிருந்தது. தொலைவிலிருந்து இயந்திரத்தினுள் நுழையும் வேலை சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரஸ் பிராயிண்ட் என்னும் பொறியியலாளர், அதன் காரணத்தை ஆராய்ந்து 2024 மார்ச் 29ஆம் நாள் உலகிற்கு அறிவித்தார். அவ்விரு பதிப்புகளும் புதியவை. புதுமையை உடனுக்குடன் ஏற்றவர்களையே அவை முதலில் அடைந்தன. நிக்ஸ்ஓஎஸ் அமைப்பின் நிலையற்ற கிளையிலும் 5.6.1 இடம்பெற்றிருந்தது. கள்ளவழி வேறு சில லினக்ஸ் வகைகளைக் குறிவைத்து எழுதப்பட்டிருந்தமையால் அங்கு இயங்கவில்லை. அக்காலத்து நிலைப்பதிப்பான 23.11இல் அவ்விரு பதிப்புகளும் இடம்பெறவேயில்லை.

ஆகவே, திறவாத பூட்டும் ஆபத்து. ஓயாது திறக்கும் பூட்டும் ஆபத்து. குறித்த தவணையில், பொறுப்புள்ள ஒருவர் கண்காணிப்பில், எது மாறுகிறது என்று அறிந்து திறத்தலே முறையாகும்.

உள்ளீட்டின் உள்ளீடுகள்

மற்றொரு நுட்பத்தையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். நாம் சேர்க்கும் உள்ளீடு தனக்கென வேறு உள்ளீடுகளைக் கொண்டுவரும். பயனாளரின் சொந்த அமைப்புகளைப் பேணும் ஹோம் மேனேஜர் என்னும் திட்டத்தைச் சேர்த்தால், அது தனக்குரிய நிக்ஸ்பேக்கேஜஸ் தொகுப்பொன்றையும் உடன் அழைத்துவரும். ஒரே தொகுப்பின் இருவேறு நாளைய பிரதிகள் ஒரே அமைப்பில் புகும். பூட்டுக் கோப்பில் இரண்டாவது பிரதி இரண்டு என்னும் எண்ணோடு தோன்றும். இதைத் தவிர்க்க, ஃபாலோஸ் என்னும் சொல்லால், நம் தொகுப்பையே அதுவும் பின்பற்றுமாறு பணிக்கலாம். ஹோம் மேனேஜரின் கிளை எண்ணும் நிக்ஸ்ஓஎஸ் கிளை எண்ணும் ஒன்றாயிருத்தல் இதற்கு அவசியம்.

இவ்வாறு ஒன்றுபடுத்துவதை எல்லா இடங்களிலும் கண்மூடிச் செய்தலும் தகாது. சில திட்டங்கள் தம்முடைய பூட்டிலுள்ள தொகுப்போடு மட்டுமே சோதித்துப் பார்க்கப்பட்டவை. அதற்கேற்பக் கட்டிவைத்த மென்பொருள்களையும் அவை வழங்கும். நாம் வேறு தொகுப்பைப் பின்பற்றச் செய்தால் குறியீடு மாறிவிடும், கட்டிவைத்தவை பயன்படா, நம் சிறிய இயந்திரமே மணிக்கணக்கில் யாவற்றையும் கட்ட நேரும். சோதித்தறியாத சேர்க்கை ஒன்றை நாமே உண்டாக்கியவர்களும் ஆவோம். ஒவ்வோர் உள்ளீட்டையும் அதனதன் இயல்பறிந்து தீர்மானிப்பதே விவேகம்.

நடைமுறைக்குச் சில யோசனைகள்

முதலாவதாக, பூட்டுக் கோப்பைப் பிரகடனக் கோப்பினின்றும் பிரிக்கலாகாது. இரண்டையும் ஒரே கிட் களஞ்சியத்தில் வைத்தல் வேண்டும். கிட் பதிவில் சேர்க்கப்படாத புதிய கோப்பு ஃப்ளேக் ஏற்பாட்டின் கண்ணுக்குப் புலப்படாது என்பதையும் புதியவர்க்குச் சொல்லி வைத்தல் நலம். பொறுப்பை மற்றொருவரிடம் ஒப்படைக்கும்பொழுதும், பயிற்சி முகாமுக்கு இயந்திரங்கள் அமைக்கும்பொழுதும், முடிவுகளை அறிக்கையாக அனுப்பும்பொழுதும் பூட்டுக் கோப்பும் உடன் செல்ல வேண்டும்.

இரண்டாவதாக, உள்ளீடுகள் சிலவாக இருத்தல் நன்று. நம் இயந்திரத்தின் முழு அதிகாரத்தோடு இயங்கக்கூடிய அயலார் நிரலை ஒவ்வோர் உள்ளீடும் கொண்டுவருகிறது. ஏன் சேர்த்தோம் என்னும் காரணத்தைக் கோப்பிலேயே ஒரு வரி எழுதிவைப்போமாக. காரணம் எழுத இயலாத உள்ளீடு நமக்கு வேண்டுவதன்று.

மூன்றாவதாக, மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அன்று புதுப்பித்தல் வேண்டும். 2023ஆம் ஆண்டின் நிக்ஸ் 2.19 பதிப்பிலிருந்து, நிக்ஸ் ஃப்ளேக் அப்டேட் என்னும் கட்டளையோடு ஓர் உள்ளீட்டின் பெயரைச் சேர்த்தால் அது ஒன்று மட்டுமே புதுப்பிக்கப்படும். அன்று பூட்டுக் கோப்பைத் தவிர வேறெதையும் மாற்றலாகாது. இரண்டையும் ஒருங்கே மாற்றினால், கோளாறு நேரும்பொழுது காரணம் எது என்று அறிய முடியாது. முதலில் ஓர் இயந்திரத்தில் சோதித்து, பின்னர் மற்றவற்றிற்குப் பரப்புதல் வேண்டும். அவசரமான பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மட்டும் இத்தவணையிலிருந்து விலக்களிக்கலாம்.

நான்காவதாக, பள்ளிகளும் களநிலையங்களும் நிலைப்பதிப்புக் கிளையையே மேற்கொண்டு, ஆண்டுக்கு இருமுறை அடுத்த கிளைக்கு மாறுதல் தகும். அவ்வாறு மாறும்பொழுது சிலர் ஸ்டேட்வெர்ஷன் என்னும் எண்ணையும் மாற்றிவிடுகின்றனர். அது உள்ளீட்டின் பதிப்பைக் குறிப்பதன்று; இயந்திரம் முதன்முதல் நிறுவப்பட்டபொழுது தரவுகள் எவ்வமைப்பில் இருந்தன என்பதைக் குறிப்பது. காரணமின்றி அதைத் தொடலாகாது.

ஐந்தாவதாக, மூலம் என்றும் இருந்த இடத்தில் இருக்கும் என்று நம்பலாகாது. 2016 மார்ச் மாதத்தில் லெஃப்ட்-பேட் என்னும் பதினொரு வரி நிரலை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்தினின்றும் விலக்கிக்கொள்ள, அதைச் சார்ந்திருந்த எண்ணற்ற திட்டங்கள் உலகெங்கும் கட்ட முடியாமல் நின்றன. எதைக் கொள்வது என்று பூட்டு கூறுமேயன்றி, மறைந்த பொருளை அது மீட்டுத் தராது. நிக்ஸ் ஃப்ளேக் ஆர்க்கைவ் என்னும் கட்டளை எல்லா உள்ளீடுகளையும் நம் சேமிப்பில் கொண்டுவந்து வைக்கும். இணையத் தொடர்பு குன்றிய இடங்களுக்குச் செல்லும் ஊழியர் புறப்படுமுன் இதைச் செய்துகொள்வது பயன் தரும்.

இறுதியாக, பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பும் வசதி மென்பொருளுக்கே உரியது. தரவுத்தளத்தில் எழுதப்பட்ட குறிப்புகளை அது பின்னோக்கிக் கொண்டு செல்லாது. ஆகவே புதுப்பிப்பதற்கு முன் தரவுகளைத் தனியே பிரதி எடுத்து வைத்தல் இன்றியமையாதது.

மேற்கூறிய யாவும் பெருஞ்செலவு வேண்டுவன அல்ல. ஒரு பதிவேடும், மாதத்தில் அரைநாள் உழைப்பும், பொறுப்பேற்கும் ஒருவருமே தேவை. பதிவேட்டில் நாள், மாறிய உள்ளீடு, மாற்றியதன் காரணம், மாற்றியவர் கையொப்பம் ஆகிய நான்கு பத்திகள் போதும். சோதனைச் சாலையில் தராசின் பக்கத்தில் சரிபார்ப்பு அட்டை தொங்குவது போல, கணிப்பொறி அறையிலும் இப்பதிவேடு இருக்குமாயின், நாம் இன்று கண்ட முடிவை நாளை மற்றொருவர் வேறோர் ஊரில் கண்டு சரிபார்க்க இயலும். விஞ்ஞானம் என்பது அவ்வாறு சரிபார்க்க இடங்கொடுப்பதே. ஆசிரியர்களும் கள ஊழியர்களும் இவ்வழக்கத்தை மேற்கொள்வார்களாயின், அவர்களிடம் பயிலும் இளைஞர்கள் அதனைத் தனியே கற்க வேண்டிய அவசியம் இராது.